அலுங்காமல் குலுங்காமல்

என் வீட்டுக்காரருடைய இதயம் ஒரு வேலைக்கள்ளன். இதை நான் சொல்லவில்லை, என் தம்பி சொன்னான். நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதான். டீக்கடைக்கு நடந்து போனால் அது நன்றாகத் துடிக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் இன்னும் ஜோராகத் துடிக்கும். கையில் ஒரு பீரோவைக் கொடுத்து மாடிப்படியைக் காட்டினால் மட்டும், இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்று படுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் அதற்கு ஒத்தாசையாக இடது தோளுக்குக் கீழே ஒரு மெஷின் வேறு வைத்திருந்தார்கள்.

எங்கள் பிழைப்பு வீடு மாற்றிக் கொடுப்பது. ஒருத்தர் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் இறக்குவோம். ஒரு வேன், மூன்று பேர். வேனை ஓட்டுவது நான். சாமானுக்குச் சொந்தக்காரர்கள் குறுக்கே வந்து 'பார்த்து, பார்த்து' என்று கத்தும்போது, அவர்களைத் திரும்பக் கத்தி ஓரமாக உட்கார வைப்பதும் நான்தான். படியில் ஏறும்போது மேல் முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறுகிறவன் என் தம்பி. கீழ் முனையில் நின்று முழுக் கனத்தையும் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர் என் வீட்டுக்காரர். வேனின் இரண்டு பக்கமும் 'அலுங்காமல் குலுங்காமல்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதைப் படிக்கிறவர்கள் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவரைப் பற்றி எழுதியது.

தொழிலில் அவருக்குப் பெயர் தராசு. ஒருமுறை ஒரு மீன் தொட்டியைத் தண்ணீரோடும் மீனோடும் நாலு மாடி ஏற்றினார். அந்த மீன்களுக்குத் தாங்கள் வீடு மாறியதே தெரிந்திருக்காது. தோள் அசையாது, கழுத்து அசையாது, இடுப்புக்குக் கீழே கால்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். படியில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். யாரும் பேசக் கூடாது. பேசினால் கவனம் சிதறும், சிதறினால் சாமான் ஆடும். சரி, படி இல்லாத இடத்திலாவது மனுஷன் பேசிக் கிழித்துவிடுவாரா என்றால் அதுவும் கிடையாது. கல்லுளிமங்கன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டிய பேச்சையும் சேர்த்து நான் ஒருத்தியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருந்த ஆள் ஒருநாள் ஒரு வீட்டு வாசலில், கையில் ஒன்றுமே இல்லாமல், வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இதயத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் இடம் ஒன்று உள்ளே இருக்கிறதாம், அது சோர்ந்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். உட்கார்ந்திருந்தாலும் மெதுவாகத்தான் துடிக்கிறது, ஓடினாலும் அதே மெதுவாகத்தான் துடிக்கிறது. ஓடுகிற காலுக்கு ரத்தம் போதாது, மூளைக்கும் போதாது, அதனால்தான் மயக்கம். மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

வைத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வீட்டுக்கு அனுப்பும்போது, இந்த மெஷின்களைச் சோதித்து அளவு வைப்பதற்கென்றே அங்கே இருக்கும் ஒரு பொண்ணு எங்களுக்கு விளக்கம் சொன்னாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண், சிரித்த முகம்.

"இது சும்மா ஒரே வேகத்துல தட்டிக்கிட்டு இருக்கற மெஷின் இல்லக்கா. ஆள் என்ன வேலை செய்றாருன்னு பார்த்துத் தட்டும். படுத்திருந்தா அறுபது. நடந்தா எண்பது, தொண்ணூறு. ஓடினா நூத்தி இருபது வரைக்கும் போகும். உடம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு."

"அதுக்கு எப்படிம்மா தெரியும், இவர் என்ன பண்றாருன்னு? எனக்கே தெரியாது."

"உடம்பு அசையறத வெச்சுக் கண்டுபிடிக்கும்க்கா."

இந்தப் பதிலை நாங்கள் மூன்று பேரும் காதில் வாங்கினோம். மூன்று பேருமே இந்தத் தொழிலில் ஊறியவர்கள். ஒருத்தருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. நான் அப்போது, கையை எப்போது மேலே தூக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி அவள் மேசையில் இருந்த பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

காயம் ஆறி, டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் வீட்டிலேயே இருந்தார். நன்றாகத் தேறினார். முகத்துக்கு நிறம் வந்தது. கடைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியவர், இப்போது எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப் ஒன்றை நான் வாங்கி வைத்திருந்தேன். நேரம் காலம் இல்லாமல் அதை அவர் விரலில் மாட்டிப் பார்ப்பேன். அதில் ஒரு விசித்திரம் கவனித்தேன். வேனில் எனக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வரும்போது, ரோடு குண்டும் குழியுமாக இருந்தால், அவருக்கு நூறைத் தாண்டித் துடித்தது.

"என்னங்க, என் டிரைவிங் அவ்வளவு பயமாவா இருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், மூன்றாவது மாடிக்கு ஒரு இரும்பு பீரோ. வலது தோளில் சாமான் தூக்கும் பட்டையை மாட்டினார், குனிந்தார், எடுத்தார். பழைய தராசுதான். தோள் அப்படியே நின்றது. முதல் மாடி தாண்டினார்கள். இரண்டாவது மாடி திருப்பத்தில் அவர் உதடு வெளுத்தது. கண் எங்கேயோ போனது. நான் கத்துவதற்குள், அந்த நிலையிலும் ஒரு சத்தம் இல்லாமல் பீரோவைப் படியில் வைத்துவிட்டு, அதன் மேல் நெற்றியைச் சாய்த்து நின்றார். அவர் படியில் ஒரு சாமானை வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பீரோவில் ஒரு கீறல் இல்லை. அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, வெறுங்கையோடு தடதடவென்று கீழே இறங்கினார். கிளிப்பை மாட்டினேன். நூற்றுப் பத்து! ஏறும்போது செத்துப் பிழைத்தவருக்கு இறங்கும்போது குதிரை மாதிரி துடிக்கிறது.

அடுத்த வேலையில் ஒரு துணி துவைக்கும் மெஷின். அதே கதை. அதற்கடுத்து ஒரு கட்டில். அதே கதை. அன்றைக்குத்தான் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னான்.

"மச்சான், உங்களுக்கு வெச்சது வேலைக்கள்ளன் மெஷின். சாமானைப் பார்த்ததும் தூங்கிடுது. கம்பெனிக்காரன் வேற எவனோ ஆபீசருக்குச் செஞ்சதை உங்களுக்கு மாட்டி விட்டுட்டான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் இவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நீளமான நடைபாதையில் நடக்கவிட்டுப் பார்த்தார். கையை வீசிக்கொண்டு நடந்தார், ஏறியது. வேகமாக நடந்தார், இன்னும் ஏறியது. ரத்தம், எக்ஸ்ரே, மெஷினிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி, எல்லாமே சரி.

"மெஷின் பிரமாதமா வேலை செய்யுது. சில பேருக்கு மனசுல ஒரு பயம் உக்காந்துக்கும். மயங்கி விழுந்த ஞாபகம் இல்லையா? கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் டாக்டர். நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் 'பயம்' என்ற சொல் என் வீட்டுக்காரர் மேல் விழுந்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையை மடித்து ஆணியில் மாட்டினார். "வேற ஆள் பார்த்துக்கோ. நான் வண்டியில உக்காந்துக்கறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

வேறு ஆள் பார்த்தோம். ஆள் நல்ல வாட்டசாட்டம். ஆனால் அவன் ஏறிப் போன வீட்டுச் சுவரையெல்லாம் சுண்ணாம்பு உதிர இடித்து வைத்தான். மேலே டமால் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம், வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தோள் ஒருமுறை சுருங்கும். அவ்வளவு பெரிய ஆள், அந்தச் சீட்டில் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தார். எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், என் பிறவி அப்படி. பயமாம் பயம்! யாருக்குப் பயம்? இந்த ஆளை எனக்குத் தெரியாதா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டேன்.

இந்தத் தடவை அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் நேராகப் போய் நின்றேன். "நீ வெச்ச அளவு சரியில்லம்மா. இவர் நடிக்கிறவர் கிடையாது. அவருக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியமும் கிடையாது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அவரை உட்கார வைத்து, நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்தாள். மெஷின் தன் ஞாபகத்தில் வைத்திருந்த துடிப்புகளெல்லாம் அவளுடைய திரையில் மேடும் பள்ளமுமாக வந்தன.

"இதோ, போன வாரம் ஒரு பெரிய மேடு. ரொம்ப நேரம் ஓடினீங்களாண்ணா?"

"வேன்ல உக்காந்திருந்தேன்."

அவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். "சரி, மயக்கம் வந்த அன்னைக்குப் பாருங்க, தட்டையா இருக்கு. அன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

"பீரோ தூக்கினேன்."

அவள் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "எப்படித் தூக்குவீங்கண்ணா?" என்று கேட்டாள்.

அதை வாயால் சொல்ல அவருக்கு எங்கே தெரியும்? அவள் அறைக்கு வெளியே, மேல் மாடிக்குப் போக வேண்டிய இரும்பு அலமாரி ஒன்று யாரும் தொடாமல் நின்றிருந்தது. "இதை ஏத்தித் தர்றோம், பார்த்துக்கோ" என்றான் தம்பி. அவள் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். அவருடைய நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினாள். துடிப்பை அவள் கையில் இருந்த திரை காட்டியது. தலை சுற்றினால் அந்த நொடியே இறக்கிவிட வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள். ஏறத் தொடங்கியபிறகுதான், அலமாரியின் உச்சியில் அவள் தன்னுடைய டீயை மறந்து வைத்திருந்தது தெரிந்தது. தளும்பத் தளும்ப ஒரு கப் டீ.

பாதி மாடி ஏறினார்கள். அவள் பின்னாலேயே திரையைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். "அறுபத்திரண்டு... அறுபத்தொண்ணு... அண்ணா, போதும், வெச்சிடுங்க, வெச்சிடுங்க!" வைத்தார். நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. அவள் எட்டி டீயை எடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, அந்த மெஷினுக்கு உடம்பு ஆடினாத்தான் தெரியும், ஆள் வேலை செய்றார்னு. நீங்க இந்தக் கனத்தைத் தூக்கிட்டு ஏறறீங்க, அது என்னவோ நீங்க சோபால உக்காந்து பேப்பர் படிக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கு!"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ரோட்டுக் குழியில் வேன் குலுங்கியபோது அவர் ஓடுகிறார் என்று நினைத்திருக்கிறது. தடதடவென்று இறங்கியபோதும் அப்படியே. உயிரைக் கொடுத்துத் தூக்கியபோது மட்டும் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறது. இத்தனை காலம் ஊரே மெச்சிய அவருடைய கெட்டிக்காரத்தனம்தான் ஆளை வீழ்த்தியிருக்கிறது. டாக்டரின் நடைபாதையில் கையை வீசி நடந்தபோது எப்படித் தெரியும்? எங்களுக்கே தெரியவில்லையே!

என் வீட்டுக்காரர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது கோபம். "அப்ப என்னை ஆட்டிக்கிட்டு தூக்கச் சொல்றியா?"

"ஒரு தடவை தோளைக் குலுக்கிக் குலுக்கி ஏறிப் பாருங்களேன், மச்சான்" என்று தம்பி ஆடிக் காட்டினான். அவர் பார்த்த பார்வையில் அவன் அடங்கினான். அவரிடம் ஆடித் தூக்கு என்பதும் செத்துப் போ என்பதும் ஒன்று.

அந்தப் பெண்தான் வழி சொன்னாள். இந்த மெஷினுக்குள் இன்னொரு வித்தையும் இருக்கிறது, மூச்சைக் கவனிப்பது. ஆள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறார் என்று பார்த்து அதற்கேற்பத் துடிப்பை ஏற்றும். எல்லோருக்கும் தேவைப்படாது என்று அணைத்து வைத்திருந்தார்கள். டாக்டரும் சரி என்றதும் அதை முடுக்கிவிட்டாள். அவருடைய சாதாரண மூச்சை அது படித்துக்கொள்ள கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அறுபத்தைந்து. அதற்கு மேல் அசையவே இல்லை.

"அண்ணா, இந்தப் பாதி மாடியில எத்தனை தடவை மூச்சு விட்டீங்க?"

அவர் யோசித்தார். "மேல வைக்கும்போது விட்டேன்."

"நாசமாப் போச்சு" என்றேன் நான்.

ஆமாம், மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவார். நெஞ்சு ஏறி இறங்கினால் சாமான் ஆடிவிடுமே. அப்படிப் பிடிப்பது யாருக்குமே நல்லதில்லை, அவருக்குச் சுத்தமாகக் கூடாது என்று அந்தப் பெண் கண்டித்துச் சொன்னாள். "பேசிக்கிட்டே தூக்குங்கண்ணா. பேசணும்னா மூச்சு விட்டுத்தான் ஆகணும். ஆனா அது உடனே ஏத்தாது, கொஞ்சம் தாமதமாத்தான் புரிஞ்சுக்கும். அதனால முதல் படியிலேயே ஆரம்பிச்சிடணும். சின்னச் சாமானா பழகுங்க, மயக்கம் வந்தா வெச்சிடுங்க."

பேச வேண்டுமாம், யார்? இவரா? மயக்க மருந்து இல்லாமல் நெஞ்சை அறுக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் இவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

பழகிப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்படியில் அரிசி மூட்டையோடு ஏறினார். "எதையாவது பேசுங்க." "என்ன பேசறது?" அவ்வளவுதான், மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாடச் சொன்னோம். அவர் முனகிய சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வலியா என்று விசாரித்தார். கடைசியில் மூட்டையை இறக்கிவிட்டு, "விடுடி. என்னால ஆகாது" என்று உள்ளே போய்விட்டார். பட்டை ஆணிக்கே திரும்பியது.

அப்போதுதான் ஒரு தையல்காரம்மா வந்தார். கல்யாணப் பெண்களுக்கு உடுப்பு தைக்கிறவர். கடையை நாலாவது மாடிக்கு மாற்றுகிறார், லிப்ட் இல்லை. கடையிலேயே உசத்தியான சாமான் ஒரு மூன்று மடிப்புக் கண்ணாடி. ஆள் உயரத்தைத் தாண்டிய மூன்று கண்ணாடிகள், கனமான மரச்சட்டத்தில் பதித்தது. மடக்கினால் கீல் விட்டுவிடும், விரித்தபடிதான் தூக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த வாட்டசாட்டம் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு இடுப்புப் பிடித்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டான். தையல்காரம்மா நேராக வேன் ஜன்னலுக்கு வந்தார்.

"நீங்க தூக்கினாத்தான் இது முழுசா மேல போகும்னு சொன்னாங்க. உங்களை நம்பித்தான் கடையைக் காலி பண்ணினேன்."

அவர் என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறந்து இறங்கிப் போய், அந்தக் கண்ணாடிச் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் விரல் அப்படித் தடவுவதைப் பார்த்ததும் நான் முடிவு பண்ணினேன். இன்றைக்கு இவர் ஏறவில்லை என்றால் இனி எப்போதும் ஏற மாட்டார். பின்பக்கம் மாற்றுத்துணி மூட்டைக்குள் நானே ஒளித்து எடுத்து வந்திருந்த பட்டையை நீட்டினேன்.

"நான் உங்க பின்னாடியே வர்றேன். முதுகுல கை வெச்சுக்கிட்டு வருவேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க, கண்ணாடியும் சேர்ந்து. ஞாபகம் வெச்சுக்கோங்க."

"நீ கீழ நில்லு."

"மாட்டேன்."

தம்பி மேல் முனை, அவர் கீழ் முனை. கண்ணாடி அவரைப் பார்த்து இருந்தது. அதனால் பின்னால் இரண்டு படி கீழே இருந்த எனக்கு அவருடைய முகம் முழுசாகத் தெரிந்தது, ஒன்றுக்கு மூன்றாக. எடுத்தார். தோள் சிலை மாதிரி நின்றது. வாய் இறுக மூடியது.

"பேசுங்க."

மூச்சு இல்லை.

"ஏங்க, பேசுங்கன்னேன்." முதல் மாடி முடியப் போகிறது. மூன்று முகத்திலும் உதடு வெளுக்கத் தொடங்கியது. கெஞ்சினால் இந்த மனுஷனிடம் எதுவும் நடக்காது. சண்டை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

"யோவ்! உங்க அக்கா நம்ம கல்யாணத்தன்னைக்கு, சபையில அத்தனை பேர் முன்னாடி, வேன் ஓட்டற பொம்பளை குடும்பத்துக்கு ஆவாளான்னு என்னைக் கேட்டாளே, அப்ப ஏன்யா வாயை மூடிக்கிட்டு குத்துக்கல்லு மாதிரி நின்ன? ரோஷம் இல்ல உனக்கு?"

கண்ணாடியில் அவர் கண் நிமிர்ந்தது. மூக்கு விடைத்தது. மூச்சு போய் வந்தது!

"இப்ப எதுக்குடி... அதை இழுக்கற?"

"இழுப்பேன்! கல்யாணம் ஆனதுலேர்ந்து நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகக் கேட்டியா நீ?"

"அக்கா, மெதுவா" என்றான் மேலேயிருந்து தம்பி. "நீ சும்மா இருடா!" என்றோம் இரண்டு பேரும்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றார். ஒரு படி ஏறினார். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி... பேசாத."

"என்ன தெரியாது? அதுக்கப்புறம் அவ நம்ம வாசப்படியை மிதிச்சிருக்காளா? அவ்வளவு திமிரு. நீயும் அவளை ஒண்ணும் கேக்கல."

இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. ஒருத்தர் முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். மூன்று கண்ணாடியிலும் மூன்று கோபக்கார முகங்கள், எல்லாவற்றிலும் ரத்தம் ஏறியிருந்தது. உதடு சிவந்திருந்தது. கண்ணாடியோ ஒரு இழை ஆடவில்லை.

"கேட்டேன்டி!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அன்னைக்கே வெளிய கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். இவ ஓட்டற வண்டியிலதான் என் குடும்பம் ஓடப் போகுது. இவளை மதிக்கலன்னா... என் வீட்டுக்கு நீ வர வேணாம்னு... சொல்லிட்டேன். அதனாலதான் அவ வரல. போதுமா?"

நான் நின்றுவிட்டேன்.

அவர் ஏறிப் போனார். என் கை அவர் முதுகை விட்டு நழுவியது. இத்தனை வருஷம். அவளுடைய திமிரைப் பற்றி நான் எத்தனை ராத்திரி புலம்பியிருப்பேன். பக்கத்தில் படுத்து ஊம் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். சொந்த அக்காவை எனக்காக விட்டுவிட்டு, அதைச் சொல்லிக்காட்டக்கூட இல்லை. சொல்ல ஒரு வார்த்தை இல்லை, அதுவும் என்னிடம்.

மூன்றாவது மாடி திருப்பம் வந்தது. படிக்கட்டில் சத்தமே இல்லை.

"அக்கா" என்றான் தம்பி. அவன் குரல் மாறியிருந்தது. "அக்கா, மச்சான் முகத்தைப் பாரு."

பார்த்தேன். வாய் மறுபடி மூடியிருந்தது. நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாவலில் மேலே ஓடி முதுகில் இரண்டு கையையும் வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. நான் பேச வேண்டும். வாயைத் திறந்தால் அழுகை வருகிறது.

"பேசுடி" என்றார் மெல்ல. "நீ நிறுத்திட்டா... நான் எப்படிப் பேசறது?"

"யோவ்..." என்றேன். விக்கியது. கோபம் வரவில்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், இந்த ஆள் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. கோபம் இப்படியா சமயம் பார்த்துக் காலை வாரும்? "யோவ், துண்டு! ஈரத் துண்டை ஏன்யா தினமும் கட்டில் மேல போடற?"

"நான் எங்க... போட்டேன்?"

"போட்ட! இன்னைக்குக் காலையிலகூடப் போட்ட. பொய் வேற சொல்ற!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

"அது காஞ்ச துண்டுடி!"

"காஞ்ச துண்டா? என் தலகாணி நனைஞ்சிருக்கு, காஞ்ச துண்டாம்!"

"அது நீ... தலை குளிச்சிட்டுப் படுத்தது!"

அடேங்கப்பா, என்ன நியாயம் பேசினார் தெரியுமா! அந்தத் துண்டை வைத்துக்கொண்டே கடைசி மாடியையும் ஏறினோம். துண்டு முடிந்து, நான் குறட்டை விடுவதாக அவர் ஆரம்பித்தார். நான் குறட்டை விடுவதில்லை, அதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். மேலே போய்க் கண்ணாடியை வைத்தபோது அவர் முகம் மிளகாய்ப்பழமாக இருந்தது. கிளிப்பை மாட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. தம்பி தரையில் மல்லாந்து படுத்து, "இனிமே நான் கீழ் முனைக்கு வந்துடறேன், உங்க ரெண்டு பேரையும் காது கொடுத்துக் கேக்க முடியல" என்றான்.

தையல்காரம்மா கண்ணாடியை மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ரகசியமாக, "வீட்டுல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லைங்க, அது அவருக்கு மருந்து" என்றேன். அந்தம்மாவுக்குப் புரியவில்லை, விளக்கவும் எனக்குத் தெம்பு இல்லை.

இப்போதெல்லாம் பட்டை ஆணியில் தொங்குவதில்லை. வேனில் எழுதியிருப்பதும் அப்படியேதான் இருக்கிறது. சாமானுக்கு அது பொருந்தும், எங்களுக்குத்தான் பொருந்தாது. நாங்கள் ஏறுகிற படிக்கட்டுகளில் எல்லாக் கதவும் திறந்து மூடுகின்றன. நேற்று ஐந்தாவது மாடிக்கு ஒரு பெரிய பிரிட்ஜ். அவர் முதல் படியில் காலை வைத்து, பட்டையைச் சரி பண்ணி, தலையைத் திருப்பாமலே என்னைக் கேட்டார்.

"சொல்லுடி, போன தடவை எதுல விட்டோம்?"